எழுத்துப் போட்ட பை

நம் வயதுக்காரர்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி கட்டாயம் இருக்கும். அதில் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று ஒரு குடும்பமே தொங்கும். துணிக்கடைப் பை, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, மருந்துக்கடைப் பை. எதையும் தூக்கிப் போட மனசு வராது. நீங்களும் இந்தக் கூட்டம்தான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம்.

என்னிடம் கூடுதலாக ஒரு கிறுக்கு உண்டு. கடைக்குக் கிளம்பும் முன் எந்தப் பையாக இருந்தாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொள்வேன். தையல் விளிம்பும் நூல் பிசிறும் வெளியே தெரியும், எழுத்தெல்லாம் உள்ளே போய்விடும். மருமகள் ஆரம்பத்தில் பொறுமையாகச் சரிசெய்து கையில் கொடுத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். பேத்திதான் "அப்பத்தா, உங்க பை சட்டையைத் திருப்பிப் போட்டிருக்குது" என்று இன்னமும் சிரிக்கிறாள். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனவர்களுக்குச் சொன்னால் புரியும் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் துடியலூருக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் நடுவில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, மில் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடு ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்பாவுக்கு மில்லில் நூற்புப் பகுதியில் வேலை. தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு வீட்டுக்கு வருவார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட புதிது. பஸ் பலகை, தீப்பெட்டி, சுவர் விளம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்து எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டு ஆணியில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு பைதான். அப்பாவின் கிழிந்த காக்கிக் கால்சட்டையை வெட்டி அம்மா கையாலேயே தைத்தது. அடியில் ஒட்டு, ஒட்டின் மேல் இன்னோர் ஒட்டு. புளியும் மிளகாயும் கருப்பட்டியும் கலந்த ஒரு வாசனை அதன் நூலிலேயே ஊறியிருக்கும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாராவாரம் வாங்குகிற சாமானுக்கு அந்தப் பைதான் அவளுக்குக் கணக்கு. பை நிரம்பினால் கை நின்றுவிடும். நான் கடலை மிட்டாய் ஜாடியைக் கண்ணால் காட்டினால், பையின் வாயை விரித்துக் காட்டுவாள். "பையில கொள்ளாதது நமக்கு வேண்டாதது, கண்ணு" என்பாள். அதற்கு மேல் வாதாட முடியாது. பையோடு யார் வாதாடுவது?

கடை, லைன் வீடுகள் முடிகிற முக்கில் இருந்தது. அதைத் தாண்டி அதே பாதையில் போனால் மில் கேட். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி அந்தக் கடையை நடத்தினார்கள். எங்களிடம் பேசும்போது எங்களைவிட நயமாகக் கொங்குத் தமிழ் பேசுவார்கள். எனக்கு அவர்கள் கடைக்கார மாமா, கடைக்கார அத்தை. கடை வாசலில் கல்லுப்பு மூட்டை வாய் திறந்து கிடக்கும். உள்ளே நுழைந்தால் கடலைப் புண்ணாக்கும் வெல்லமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். இன்றைக்கு எந்தக் குளிர்சாதனக் கடையிலும் அந்த வாசம் கிடையாது. மாமா எங்கள் பையைப் பார்த்ததுமே என்ன வேண்டும் என்று கேட்காமல் அளக்க ஆரம்பித்துவிடுவார். பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, சணலை ஒரு சுண்டு சுண்டி அறுப்பார். எல்லாம் முடிந்ததும் அத்தை உள்ளேயிருந்து வந்து என் கையில் ஒரு வெல்லத்துண்டு வைப்பாள். பேச்சு கொஞ்சம், வெல்லம் நிறைய. எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துவரம்பருப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து முகர்ந்தால் அது போன வருஷத்ததா இந்த வருஷத்ததா என்று சொல்லிவிடுவாள். லைன் வீட்டுப் பெண்கள் அவள் எங்கே வாங்குகிறாளோ அங்கே வாங்குவார்கள். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி எங்கே என்ன வாங்கினாள் என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. கண்ணால் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆடிக் காற்று ஓய்ந்த சமயத்தில் மில்லுக்குள் ஒரு பண்டகசாலை திறந்தார்கள். தொழிலாளிகள் பங்கு சேரலாம், சாமானைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். முதலில் யாரும் பெரிதாகச் சேரவில்லை. அப்பாவை அவருடைய மேஸ்திரி விடாமல் நச்சரித்ததால் சேர்ந்தார். முதலில் சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அப்பா அதை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

அப்படி ஒரு பையை நாங்கள் பார்த்ததேயில்லை. கித்தான் மாதிரி கனமான துணி, வாய் விளிம்பில் பச்சைக் கரை, இரட்டைத் தையல் போட்ட கைப்பிடிகள். கஞ்சி வாசனை போகாத புதுத்துணி. ஒரு பக்கத்தில் ஒரு நூல்கண்டுப் படம், அதைச் சுற்றிப் பிறை மாதிரி நீல எழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் பண்டகசாலையின் முழுப் பேரையும் படித்து முடித்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. அம்மிக் குழவியை உள்ளே போட்டுத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் ஒரு தையல்கூட அசையவில்லை. "பூப் போட்டாப்பல அளகா இருக்குது" என்று அந்த எழுத்தைத் தடவினாள். அன்றைக்கே பழைய காக்கிப் பை வெட்டுப்பட்டு, சட்டி இறக்குகிற துணியாகிவிட்டது.

பண்டகசாலைக்கு அம்மா ஒரே ஒருமுறைதான் போனாள். பருப்பைக் கையில் தேய்த்து முகர்ந்தாள். உள்ளே வண்டு இருக்கிறது என்றாள். வெறும் பையோடு திரும்பி வந்து, நேராக முக்குக் கடைக்குப் போய் வழக்கமான சாமானை வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஆனால் பை நல்ல பை. அதை எதற்கு வீணாக்குவது என்று எல்லாக் கடைக்கும் அதையே கொண்டுபோனாள்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கணக்கு கெட்டது. புதுப் பை பழையதைப் போல ஒன்றரைப் பங்கு பெரிது. வழக்கமான சாமான் எல்லாம் போட்ட பிறகும் மேலே துவண்டு கிடக்கும். அது அம்மாவை என்னவோ செய்தது. "பை வாயப் பொளந்துக்கிட்டு இருக்குது" என்று சொல்லி, கூட ஒரு படி நிலக்கடலை போடச் சொன்னாள். அடுத்த முறை சேமியா. அதற்கடுத்த முறை ஒரு பிஸ்கட் பொட்டலமும் வாசனைச் சோப்பும். விருந்தாளி வந்தால் மட்டும் காப்பி என்றிருந்த வீட்டில் காப்பித்தூள் டப்பா ஏறிவிட்டது. எதற்கு இத்தனை என்று அப்பா கேட்டார். "பையில எடம் இருந்துச்சுங்க" என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். அந்தத் தீபாவளி தாண்டியும் எங்கள் வீட்டில் ராஜபோகம்தான். ஒரு நாளும் நான் குறை சொல்லவில்லை.

போகும்போது வெறும் பையைச் சுமப்பது என் உரிமை. எழுத்து வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பேன். வரும்போது அம்மா அதை இடுப்பில் அணைத்துத் தூக்கி வருவாள். எழுத்துக்கு மேலே பிஸ்கட் பொட்டலம் எட்டிப் பார்க்கும். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கிற பெண்கள் முறத்தை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அம்மா நல்ல பையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடையில் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்போது நாங்கள் போனால் மாமா சாமான் அளக்கிற மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார். எங்கள் பையைப் பார்ப்பார், அத்தையைப் பார்ப்பார், தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பிறகு முன்னைவிட மரியாதையாக எங்களுக்கு அளப்பார். வெல்லத்துண்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அம்மாவுக்கு அந்தத் தெலுங்கு உறுத்தியது. நாம் இப்படி அள்ளி வாங்குவதைத்தான் குத்திப் பேசுகிறார்கள் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

தீபாவளி முடிந்து, வாடைக் காற்று தொடங்கிய ஒரு மத்தியானம் கடைக்கார அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். கடைக்காரர்கள் வாடிக்கை வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. அம்மா பதறிப் பாய் விரித்தாள். அத்தை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, மோரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மழையைப் பற்றிப் பேசினாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பையை எடுத்து மடியில் விரித்தாள். கருஞ்சிவப்புத் துணி, மஞ்சள் கரை. அவர்களுடைய மகள் கடையில் கட்டிக்கொண்டு திரிந்த பழைய பாவாடைத் துணி என்று பார்த்ததும் தெரிந்தது. சின்னப் பை. எங்கள் காக்கிப் பை அளவுதான் இருக்கும்.

"சும்மா இருக்கறப்ப தச்சனுங்க அம்மணி. கடைக்கு வாரப்ப இதைக் கொண்டுட்டு வந்தீங்கன்னா எங்களுக்கு ஒரு சந்தோசமுங்க."

அம்மாவின் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், கடன் கேட்டு வருகிறவர்களுக்கும் ஜோசியக்காரர்களுக்கும் வைத்திருக்கிற சிரிப்பு.

"எதுக்குங்கக்கா உங்களுக்குச் செரமம்? எங்கூட்டுல பைக்குப் பஞ்சமில்லீங்க. மில்லுல குடுத்தது கல்லாட்டம் இருக்குதுங்க."

அத்தை ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தாள். "ஆமாங்க, பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம்" என்றாள். மோரைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சிவப்புப் பையை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் அதற்கு மேல் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வாங்க வருகிறவர்களிடம் இந்தப் பையைக் கொண்டுவா, அதைக் கொண்டுவராதே என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சேலையை மாற்றிக்கொண்டு வா என்று சொல்வது போல. அம்மாவாவது ஏன் எதற்கு என்று கேட்டிருக்கலாம். அவளுக்கும் நாக்கு எழவில்லை. ஆளுக்கொரு "ங்க" போட்டுப் பேசியே விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அப்பா வந்ததும் அம்மா பொரிந்து தள்ளினாள். பழைய பாவாடையைக் கிழித்துப் பை தைத்துக் கொடுக்கிறாள், நம்மைக் கையேந்துகிறவர்கள் என்று நினைத்துவிட்டாள் என்றாள். அந்த ரோஷத்தில் அடுத்த முறை பை பிதுங்கப் பிதுங்க வாங்கினாள். ஆப்பிள்கூட வாங்கினோம்.

அம்மாவின் தப்பு முழுவதும் ஒரு காலையில், குழாயடியில் வெளியே வந்தது. அடுத்த வீட்டு அக்கா குடத்தை இறக்கிவிட்டு, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். பண்டகசாலையில் எங்களுக்கு மட்டும் வண்டுப் பருப்பாக வருகிறதே, நீங்கள் எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள் என்றாள். நான் எங்கே அங்கே வாங்குகிறேன் என்றாள் அம்மா.

"அங்க வாங்கறதில்லீங்களா? அந்தப் பையத்தான வாரா வாரம் ரொப்பிக்கிட்டு வாரீங்க. நீங்க போறதப் பாத்துத்தானுங்க நாங்க அத்தன பேரும் பங்கு சேந்தோம்."

அம்மாவின் குடம் நிரம்பி வழிந்து, சேறாகிக் காலை நனைத்தது. அவள் குழாயை மூடவில்லை. அந்த அக்காதான் கை நீட்டி மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து பையை எடுத்து என் முன்னால் விரித்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். எத்தனையோ தடவை நான் உரக்கப் படித்ததுதான். அம்மா காது கொடுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். படித்தேன். அவள் பூப் போட்டது போல அழகாக இருக்கிறது என்று சொன்ன எழுத்து. அம்மா பைக்குள் கையை விட்டு, அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்து, முழுப் பையையும் உள்வெளியாகத் திருப்பினாள். வா என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

கடையில் மாமா மட்டும் இருந்தார். பின்னால் இருந்த தகர டப்பாக்களின் மூடிகள் திறந்து கிடந்தன. சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. தெரியாதவர்களைக் கேட்பது போல, "வாங்க, என்ன வேணுமுங்க?" என்றார்.

அம்மா துவரம்பருப்பு கேட்டாள். மொத்த வியாபாரியே திருப்பி எடுத்துக்கொண்டான் என்றார். கடலைப்பருப்பு கேட்டாள், அதுவும் இல்லை. எண்ணெய், புளி, மிளகாய், சீரகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். வாயில் வேறு எதுவும் வரவில்லை அவளுக்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் "இல்லீங்க", "தீந்துபோச்சுங்க" என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில் அம்மா பையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு சும்மா நின்றாள். தையல் பிசிறு எல்லாம் வெளியே தெரிந்தது. மாமா அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணா, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

அவர் மேடையைச் சுற்றி வெளியே வந்தார். வாசலில் உப்பு மூட்டை மட்டும் அப்படியே இருந்தது, அதை யாரும் திருப்பி எடுக்கவில்லை. படியை எடுத்து, தலை தட்டாமல் கோபுரமாக அள்ளி, எங்கள் பையில் போட்டார். மறுபடியும் அள்ளிப் போட்டார்.

"பை வெறுமையா ஊட்டுக்குப் போகக்கூடாதுங்க அம்மணி" என்றார். உள்ளேயிருந்து அத்தையைக் கூப்பிடவில்லை. எனக்கு அன்றைக்கு வெல்லம் கிடைக்கவில்லை.

பொங்கலுக்குள் அவர்கள் கடையை மூடிவிட்டு, அவிநாசிப் பக்கம் அத்தையின் பிறந்த ஊருக்குப் போய்விட்டார்கள். எப்படியும் நடந்திருக்கும் என்று அப்பா சமாதானம் சொன்னார். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற வசதி இருக்கும்போது முக்குக் கடையில் யார் வாங்குவார்கள் என்றார். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா அதை ஒத்துக்கொள்ளவேயில்லை. அந்த உப்பு எங்கள் வீட்டில் வெகுநாள் வந்தது. அதைப் போட்ட குழம்பை அவள் ருசி பார்க்கமாட்டாள், அப்பாவிடம் கரண்டியை நீட்டிவிடுவாள்.

பையை அவள் எறியவில்லை. நடுவில் பெரிதாக ஒரு மடிப்பு மடித்துத் தைத்து, பழைய காக்கிப் பை அளவுக்கு அதைக் குறுக்கினாள். காப்பித்தூள் நின்றது. பிஸ்கட் நின்றது. நான் பிஸ்கட்டுக்காக அழுதேன். கடை போனதற்காக அழவில்லை, அத்தைக்காகவும் அழவில்லை. பிஸ்கட் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதேன். அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தால் அந்த அழுகைதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

சில வருஷம் கழித்து, நான் தாவணி போட்ட பிறகு, அவிநாசித் தேருக்குப் போயிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பொரிக் கடைப் பந்தலுக்குள் ஒதுங்கியபோது எதிரே கடைக்கார அத்தை நின்றாள். முடி நரைத்திருந்தது. கையில் அந்தக் கருஞ்சிவப்புப் பை. சாயம் வெளுத்து, மஞ்சள் கரை வெள்ளையாகவே ஆகிவிட்டிருந்தது. உள்ளே தேங்காய், பழம், பொரி. நான் கூப்பிட வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் பந்தல் காலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். அத்தை ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, அம்மாவின் கையிலிருந்த பையை, வெளியே தெரிந்த அதன் தையலைப் பார்த்தாள் என்று நான் சத்தியம் செய்வேன். பிறகு பொரிக்காரனிடம் சில்லறை வாங்கிக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டாள்.

போய்ப் பேசியிருக்கலாமே என்று பஸ்ஸில் கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியிலிருந்த பையின் மடிப்புத் தையலை விரலால் நீவிக்கொண்டே வந்தவள், துடியலூர் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அந்தப் பைய அன்னைக்கு வாங்கியிருக்கோணும், கண்ணு. நமக்கு வேணுங்கறது அத்தனையும் அதுல கொண்டிருக்கும்."